ஏறினால் ஏறும், இல்லாவிட்டால் இல்லை: காரின் சூட்டைத் தேடிப் பிடித்தது

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். திரும்பும்போது ஏற்றம். எங்கள் பழைய பெட்ரோல் காருக்கு அந்தத் திரும்புகால்தான் வம்பு. முன்னால் லோடு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும், பின்னால் நாங்கள் முதல் கியரில். டெம்பரேச்சர் முள் கிடுகிடுவென்று சிவப்புக்குப் போய்விடும். ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் நிற்போம். அடுத்த மாதம் அதே ஏற்றம், அதே ஆட்கள், அதே வெயில். முள் அசையாது.

எப்போதுமே சூடாகிற வண்டி என்றால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். எப்போதாவது சூடாகிற வண்டி, ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டியதும் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு வந்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அடங்கி நிற்கும். ஒரு இடத்தில் தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) மாற்றினார்கள், இன்னொரு இடத்தில் ரேடியேட்டர் மூடியை. மூன்றாவது இடத்தில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், இறக்கிப் பார்த்துரலாம்" என்றார்கள். இறக்கினால் என்ன செலவு என்று கேட்ட பிறகுதான் நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் கேஸ்கட் பயத்தைத் தீர்த்துக்கொண்டேன். இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு அது. போய்விட்டால் இன்ஜினை ஆற்றும் கூலன்ட் திரவம் ஆயிலோடு கலக்கலாம், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வரலாம். சூடாகாத நாட்களில் கூலன்ட் அளவு குறையவில்லை. ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறவில்லை. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். குமிழி விடாமல் வந்துகொண்டிருக்கவில்லை. (சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்காதீர்கள், முகத்தில் பீச்சி அடிக்கும்.) கழற்றிக் கொடுத்த பழைய தெர்மோஸ்டாட் டிக்கியிலேயே கிடந்தது. அதில் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீர் பாத்திரத்தில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்தேன். 82-ஐ ஒட்டித் திறக்க ஆரம்பித்தது. ஆக, நல்ல சாமானைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

திருப்பம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. சாப்பிடும்போது மனைவி சொன்னார்: "முள்ளு ஏறுறதுக்கு முன்னாடியே ஏசி காத்து வெதவெதன்னு ஆயிடுதுங்க. நான் சொன்னா நீங்க எங்க கேக்கறீங்க."

ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இரண்டையும் ஆற்றிவிடும். ஊர்ந்தாலோ நின்றாலோ இரண்டுக்கும் ஃபேன்தான் கதி. இரண்டும் சேர்ந்து சொதப்பினால் சந்தேகம் ஃபேன் மேல்தான் விழ வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதுவரை சூடான இடமெல்லாம் அப்படித்தான்: லாரிக்குப் பின்னால் கணவாய், டோல்கேட் வரிசை, மாம்பழ சீசனில் ஊருக்குள் சிக்கிய நெரிசல். ரோடு காலியாக இருந்த இரவுகளில் ஒருமுறைகூட இல்லை.

அப்புறம் காரில் செருகினால் இன்ஜின் சூட்டைப் போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். போர்டில் இருக்கிற முள்ளை நம்ப முடியாது. பல கார்களில் எழுபத்து சொச்சம் டிகிரியிலிருந்து நூறு வரைக்கும் அது நடுவிலேயே நிற்கும். போனில் டிகிரி டிகிரியாகத் தெரிந்தது. வீட்டு வாசலில் ஏசி இல்லாமல் ஐடிலில் விட்டேன். 96-ல் ஃபேன் ஓடியது, 91-ல் நின்றது. மூன்று முறையும் ஒழுங்காக. வெறுப்பாக இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் 97, 99, 102... சத்தமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு கோளாறை நான் வரவேற்றதில்லை.

105-ல் இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, ஃபேன் பிளக்கைக் கழற்றி அதில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கோர்த்தேன். 55 வாட் பல்பு. சின்ன டெஸ்ட் லாம்ப் என்றால் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) முனை கருகியிருந்தாலும், எர்த் அரைகுறையாக இருந்தாலும் எரிந்து ஏமாற்றிவிடும். ஹெட்லைட் பல்பு பளிச்சென்று எரிந்தது. ரிலே, சென்சர், வயர், எர்த் எல்லாம் சரி. மிச்சம் மோட்டார்தான். பிளக்கைத் திரும்ப மாட்டி, இறக்கைக்கு எட்டாமல் நின்று மோட்டார் முதுகில் ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு. ஃபேன் விர்ரென்று கிளம்பியது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்து ஸ்பிரிங் அழுத்தமே எட்டாத நிலையில் இருந்தது. அந்தக் கார்பன் உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் ஒரு பக்கம் கருகல். மோட்டார் நிற்கும்போது அந்தக் கருகல் கார்பனுக்கு அடியில் வந்தால் மறுபடி கிளம்பாது. வேறு இடத்தில் நின்றால் கிளம்பும். இத்தனை நாள் எங்களை ஓரம்கட்ட வைத்தது இந்தச் சீட்டுக் குலுக்கல்தான். கம்யூட்டேட்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்து புதுக் கார்பன் போட்டுக் கொடுத்தார்கள். நான் முன்பு மாற்றிய மூடியின் விலைகூட ஆகவில்லை.

போன வாரம் தொப்பூரில் இரண்டு லாரிகள் பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தன. ஃபேன் ஒழுங்காக ஓடியது, சூடு 98-ஐத் தாண்டவில்லை, ஏசி கடைசிவரை குளிர்ந்தது.

இன்னொரு வேலை பாக்கி. வழியில் சூடானபோதெல்லாம் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் கெட்டில் அடியில் எப்படி வெள்ளையாகப் படிகிறது என்று தெரியும். ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அதேதான் படிந்திருக்கும். மூடிக்கு அடியில் துருவும் உப்பும் கலந்த ஒரு சேறு தெரிகிறது. புதுக் கூலன்ட்டும், கலக்க பேட்டரி தண்ணீர் ஒரு கேனும் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இறக்கிக் கழுவ வேண்டும்.