நூல் தளரும்போது: ஒரு ஃப்ரீஸ்டைல் பட்டத்தின் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

புதுப் பட்டத்துக்கு முதல் நாள். இரட்டை நூலில் ஓடும் முக்கோணப் பட்டம், ஃப்ரீஸ்டைலுக்கென்றே, அதாவது நூலைத் தளரவிட்டு வித்தை காட்டுவதற்கென்றே, வடிவமைத்தது. இறக்கை விரிப்பு 2.4 மீட்டர், எடை 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. துணி ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத நெசவு) பாலியஸ்டர், ஒரு சதுர மீட்டருக்கு 31 கிராம்தான். எலும்புகள் எல்லாம் கார்பன் குழாய்.

மணிக்கு 12 கிலோமீட்டர் அளவில் காற்று சீராக வந்தது. முதலில் நேர்கோடு, அப்புறம் சதுரம், வட்டம். சதுரத்தின் மூலைகளில் தேவைக்கு மேல் கொஞ்சம் திரும்பிவிடுகிறது. கைகளை உடனே சமன் செய்தால்தான் கோடு நேராகிறது. கோடு பிசகாமல் பறக்கவேண்டிய துல்லியப் போட்டிக்காரர்களுக்கும், குழுவாகப் பறப்பவர்களுக்கும் இந்தக் குணம் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. நூல் இறுகியிருக்கும்போதே மூக்கு இவ்வளவு எளிதாகத் திரும்புகிற பட்டம், தளர்ந்த நூலில் இன்னும் எளிதாகச் சுழலும்.

இழுவை மிதமானது. பின்விளிம்பில் ஓடும் மெல்லிய நூலை ஒரு முடிச்சு இறுக்கியதும் துணியின் படபடப்பு அடங்கியது. சிலர் அந்தச் சத்தத்தை விரும்புவார்கள். எனக்கு வேண்டாம், சத்தம் இல்லாத பட்டத்தில் காற்று குறைவதைக் காதாலேயே அறியலாம்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நூல் வேலை மட்டும். 25 மீட்டர் டைனீமா என்ற வலுவான செயற்கை இழை நூல், இரண்டும் ஒரே நீளம். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி, மறுமுனையிலிருந்து ஒருசேர இழுத்து, நீளத்தைச் சரிபார்த்தேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் பட்டம் ஒரு பக்கமாகவே சாயும். கை தானாக அதை ஈடுகட்டப் பழகிவிடும், பிறகு சரியான நூலில் பறக்கும்போது அந்தப் பழக்கம் தொல்லை தரும்.

டைனீமா கிட்டத்தட்ட நீளவே நீளாது. கை அசைவதும் இறக்கை அசைவதும் ஒரே நேரத்தில் நடப்பது அதனால்தான். வழுவழுப்பானதும் கூட. பட்டத்தைப் பல தடவை ஒரே பக்கம் சுழற்றி இரண்டு நூலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டாலும் கட்டளை போய்ச் சேரும். ஆனால் சுமார் 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் பொருள் அது, முடிச்சு விழுந்த இடத்தில் வலுவும் குறையும். முனைகளுக்கு உறை போட்டு அதன்மேல் முடிச்சுப் போடுவது இந்தக் காரணத்துக்காக. வேறு வகை நூலில் பறக்கும் பட்டம் பக்கத்தில் இருந்தால் விலகிப் போய்விடுவேன். இரண்டும் உரசினால் சூட்டில் என் நூல் அறுந்துவிடும்.

ஜூன் 14, சனி

ஆக்சல் நாள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டால், அதாவது பட்டத்தை நடுவானில் நிறுத்துவது. பட்டம் கிடையாக ஓடும்போது கீழ் இறக்கையின் நூலைப் பிடித்த கையை முன்னால் குத்துவதுபோல் நீட்டினால் மூக்கு மேலே திரும்பும். அந்தக் கணமே இரண்டு கையையும் சமன் செய்து ஓரடி முன்னால் வைக்கவேண்டும். இந்தப் பட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. முன்னால் ஓடப் பார்ப்பதும் இல்லை, பின்னால் சரிவதும் இல்லை. என் பழைய பட்டத்தில் இப்படி நிறுத்துவதே ஒரு வித்தையாக இருந்தது.

நின்ற பட்டத்தை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, உயர்ந்திருக்கும் இறக்கையின் நூலைச் சட்டென்று சுண்டி, இரண்டு கையையும் பட்டத்தை நோக்கி நீட்டினால் அது ஆக்சல். பட்டம் குப்புறப் படுத்தபடி தட்டையாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மூக்கு மேலே நிமிர்ந்து வெளியே வரும். சுண்டல் எவ்வளவு பலமானது என்பதைவிட, அதற்குப் பிறகு எவ்வளவு தளர்வு கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். சுற்று முடிவதற்குள் நூல் இறுகினால் சூத்திரக் கயிறு (பட்டத்தின் எலும்புகளைப் பறக்கும் நூலோடு இணைக்கும் கயிறு) இறக்கையைப் பிடித்து இழுக்கும், சுழற்சி பாதியில் நின்றுபோகும். புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது: சுண்டிய கை திரும்பிப் பட்டத்திடம் போகட்டும், கூடவே கால்களும் போகட்டும்.

வலப்பக்க ஆக்சல் மெதுவாகவும் தட்டையாகவும் வருகிறது. மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேகமாகச் சுழலும் பட்டம் பார்வைக்கு அழகு, ஆனால் சுற்று எங்கே இருக்கிறது என்று பார்த்து அடுத்த சுண்டலைத் திட்டமிட நேரம் தராது. இது தருகிறது. அரைச் சுற்றுகளை இடமும் வலமும் மாற்றி மாற்றி அடுக்கும் கேஸ்கேடுக்கு இதுதான் அடிப்படை.

ஜூன் 15, ஞாயிறு

காற்றே இல்லை. பட்டத்தைத் துடைத்துவிட்டுப் பழைய கதைகளைப் புரட்டினேன்.

1826இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் போக்காக் என்ற பள்ளி ஆசிரியர், பட்டங்கள் இழுத்துச் செல்லும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் துப்பாக்கிப் பயிற்சிக்காக, வானில் வளைந்து நெளிந்து ஓடும் இலக்குப் பட்டம் ஒன்றைச் சுக்கானுடன் உருவாக்கினார் பால் கார்பர். 1948இல் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் நெகிழ்ந்து வளையும் இறக்கையைச் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பீட்டர் பவல் விற்பனைக்குக் கொண்டுவந்த பட்டத்தால்தான் இரட்டை நூல் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது.

இவர்கள் எல்லோருக்கும் நூல் இறுகியிருந்தால்தான் பட்டம். இழுப்பதற்கும் திருப்புவதற்கும் இழுவிசை வேண்டும் அல்லவா. நூலை வேண்டுமென்றே தளரவிட்டு அந்தத் தளர்வுக்குள் விளையாடுவது 1990களில்தான் பெரிதாக வளர்ந்தது. பட்டம் விழப்போகிறது என்று தோன்றும் அந்தக் கணத்தில் கையைப் பின்னால் இழுக்காமல் முன்னால் நீட்டிப் பார்த்த முதல் மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாராக இருந்தாலும் சரி.

ஜூன் 21, சனி

காற்று 14, 15 கிலோமீட்டர். நாள் முழுக்க ஃபேட், அதிலிருந்து பேக்ஸ்பின்.

பட்டம் தலைகீழாக இறங்கும்போது இரு கையையும் முன்னால் நீட்டி ஓரடி நடந்தால், மூக்கு என்னைவிட்டு விலகிப் பட்டம் குப்புற மிதக்கும். அப்போது இரண்டு நூலையும் சேர்த்துச் சுண்டினால் மூக்கு அடிவழியாக என் பக்கம் வந்து, பட்டம் மல்லாந்து படுத்துவிடும். வயிறு வானத்துக்கு, மூக்கு எனக்கு, நூல்கள் முன்விளிம்புகளின்மேல் படிந்தபடி. இதுதான் ஃபேட்.

படுத்த பட்டத்தை அப்படியே வைத்திருப்பதுதான் பரீட்சை. இறக்கைகள் இடமும் வலமும் ஆடும். ஆடும் பக்கத்துக்கு ஏற்ப விரல் அளவு இழுவை மாறி மாறிக் கொடுக்கவேண்டும், அதற்கு மேல் கொடுத்தால் எழுந்துவிடும். இந்தப் பட்டம் ஃபேடில் தொட்டில்போலக் கிடக்கிறது. காரணம் துணியின் குழிவு என்று நினைக்கிறேன். தாங்கு குச்சிகள் துணியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி ஆழமான குழியை உண்டாக்குகின்றன. மல்லாந்து கிடக்கும்போது அந்த ஆழம்தான் அடிப்பகுதி, அதனால் சாய்ந்தாலும் தானே நிமிர்கிறது.

பேக்ஸ்பின்னுக்குச் சுண்டல் உதவாது. ஃபேடிலிருந்து ஒரு கையை நீளமாக, வழுக்கிக்கொண்டு போவதுபோல் இழுத்து, உடனே எல்லாத் தளர்வையும் கொடுத்துவிடவேண்டும். பட்டம் முதுகில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் ஃபேடிலேயே வந்து நிற்கும். இழுவை குறுகலாக இருந்தால் முக்கால் சுற்றில் ஓய்ந்துவிடும். இழுப்பை இடுப்பிலிருந்து ஆரம்பித்துத் தோளுக்குப் பின்னால் வரை கொண்டுபோகும்போது சுற்று அழகாக மூடுகிறது. இடப்பக்கத்தில் இன்னும் சாய்வாகத்தான் வருகிறது.

ஃபேடிலிருந்து மூக்கை வெளியே தள்ளி மறுபடி உள்ளே வாங்குவது, அதையே தாளத்தோடு அடுக்குவது ஃபிளிக்-ஃபிளாக். வெயில் சாய்ந்த பிறகும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் வித்தை என்பதால் பேக்ஸ்பின்னைவிட மனதுக்கு ஓய்வு.

ஜூன் 22, ஞாயிறு

விட்டுவிட்டு வீசும் காற்று, உச்சத்தில் 25 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நேற்றுத் தொட்டிலில் கிடந்த அதே பட்டம் இன்று நூலைத் தளரவே விடவில்லை.

சூத்திரக் கயிற்றின் முடிச்சைக் கால் சென்டிமீட்டர் வால் பக்கம் நகர்த்தினேன். மூக்கு பின்சாய்ந்தது, இழுவை கூடியது, ஓட்டம் மெதுவானது, திருப்பம் இறுகியது. பலத்த காற்றுக்கு இந்த அமைப்பு. மெல்லிய காற்றுக்கு நேர்மாறாக மூக்குப் பக்கம். நகர்த்துவதை எப்போதும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் செய்யவேண்டும், தொழிற்சாலைக் குறியை மையால் அடையாளம் இட்டுவைக்கவேண்டும். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் நகர்த்தினால் எது எதனால் மாறியது என்று புரியாது.

மின்கம்பி இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பறக்கவிட்டேன். இறுகிய டைனீமா தோலைக் கத்திபோல் வெட்டும்.

ஜூன் 28, சனி

டர்ட்டில், லேசி சூசன், யோயோ. ஃபேடுக்கு எதிர்ப்புறம் டர்ட்டில்: மல்லாந்துதான் கிடக்கும், ஆனால் மூக்கு என்னைவிட்டு அப்பால். மூக்கு மேலே நிற்கும் ஸ்டாலில் இரண்டு நூலையும் சுண்டி, உடனே தளர்வு கொடுத்தால் பின்னால் சரிந்து படுக்கிறது. அங்கிருந்து ஒரு நூலைச் சுண்டினால் முதுகில் ஒரு சுற்று, அது லேசி சூசன். மிக எளிதாக வந்தது. எழுத அதிகம் இல்லை.

யோயோ வேறு விஷயம். டர்ட்டில் ஆழமாக விழுந்து மூக்கு கீழ்நோக்கிப் போகும் நேரத்தில் இரண்டு நூலையும் பலமாக இழுத்தால், பட்டம் பின்பக்கமாக ஒரு முழுக் குட்டிக்கரணம் அடித்து நூலைத் தன் உடம்பில் சுற்றிக்கொண்டு எழும். முன்விளிம்பில் இருக்கும் சின்னத் தடுப்புகள் நூல் நுனி வரை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். நூல் சுற்றிய நிலையிலும் பட்டம் பறக்கிறது, திரும்புகிறது, ஸ்டாலில் நிற்கிறது. பிரிக்க வேண்டுமானால் மறுபடி ஸ்டால், ஒரு சுண்டல், தளர்வு. சுற்றியது தானே உருண்டு கழன்றுவிடும்.

இங்கேதான் வடிவமைப்பாளரின் அக்கறை தெரிகிறது. நூல் மாட்டிக்கொள்ள ஓரிடமும் இல்லை. இறக்கை நுனிகள் மூடியவை, தாங்கு குச்சிகளின் முனைகள் துணிக்குள் ஒளிந்தவை, வால் பகுதியின் குறுக்கே ஒரு காவல் நூல் ஓடுகிறது. தளர்ந்த நூல் உடம்பெல்லாம் தவழ்ந்து போகிற பட்டத்துக்கு இந்த வழவழப்பு இறக்கையின் வளைவு அளவுக்கு முக்கியம்.

ஜூலை 5, சனி

வால் எடையைச் சோதித்தேன். முதுகுக் குச்சியின் அடிமுனையில் செருகும் சிறு உலோகத் துண்டு, 6 கிராமிலும் 15 கிராமிலும் இருக்கிறது.

நூல் தளர்ந்த நொடியில் காற்று பிடித்துத் தள்ளுவதும் பட்டத்தின் சொந்த எடையும்தான் வித்தையை முடித்து வைக்கின்றன. அந்த எடை எங்கே இருக்கிறது என்பது அங்கே எல்லாவற்றையும் மாற்றும். 15 கிராம் போட்டதும் யோயோ ஒரே இழுப்பில் முழுதாக உருண்டது, அடுத்தடுத்து இரண்டு சுற்றுகூடச் சுற்றிக்கொண்டது. டர்ட்டில் ஆழமானது, பேக்ஸ்பின் தயங்காமல் மூடியது. ஆனால் ஆக்சல் கெட்டது. வால் கனத்தால் பட்டம் தட்டையாக நிற்காமல் சரிந்து சுற்றியது, கேஸ்கேடின் அரைச் சுற்றுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் உயரத்தைத் தின்றன. 6 கிராமில் இதெல்லாம் தலைகீழ். எடையே இல்லாமல் பறக்கவிட்டபோது ஆக்சல் அற்புதமாக மிதந்தது, யோயோ பாதியில் நின்றுபோனது.

இப்போதைக்கு 6 கிராம் என்று வைத்திருக்கிறேன். காற்று 15 கிலோமீட்டரைத் தாண்டினால் 15 கிராம், மாலையில் காற்று அடங்கினால் எடையைக் கழற்றிவிட்டு முடிச்சை மூக்குப் பக்கம் நகர்த்துவது. அடுத்த வாரம் 30 மீட்டர் நூலில் இதே வரிசையை மறுபடி பார்க்கவேண்டும். நூல் நீண்டால் அதன் எடையும் காற்று இழுவையும் கூடும், அது இடப்பக்கப் பேக்ஸ்பின்னை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளவேண்டும்.