கோட்டையடியிலிருந்து பழனிக்கு: தைப்பூச நாட்குறிப்பு

8 பிப்ரவரி 2025, சனி. திண்டுக்கல்

மலைக்கோட்டை 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் கட்டத் தொடங்கியது. திருமலை நாயக்கரும் ஹைதர் அலியும் பலப்படுத்தினார்கள். 1790-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும், அப்புறம் பாறை சுடும். மேலே மழைநீர் நிற்கும் சுனைகளைப் பார்த்தால், முற்றுகையில் கோட்டையைக் காத்தது பீரங்கி மட்டுமில்லை என்பது புரியும். கீழே சாலையில், நத்தம் பக்கமிருந்து வரும் பாதயாத்திரைச் சாமிகள் பழனியைப் பார்த்து நடக்கிறார்கள்.

9 பிப்ரவரி, ஞாயிறு. விருப்பாட்சி

பழனி மலைத்தொடரின் அடிவாரம். 1772-இல் கணவரை இழந்த வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்த கோபால் நாயக்கரின் பாளையம் இது. மலைவாழைக்கும் பெயர்போன ஊர்.

அன்னதானப் பந்தலில் புளியோதரை. 25 கிலோ சிப்பம் அரிசிக்குப் புளி இரண்டரை கிலோ, நல்லெண்ணெய் 3 லிட்டர். சுமார் 200 பேர் சாப்பிடலாம். சாம்பார் சாதம் வெயிலில் சீக்கிரம் ஊசிவிடும். புளியும் எண்ணெயும் சேர்ந்தது தாங்கும். அதுவும் பக்குவமாகச் செய்தால்தான். சோறு பொலபொலவென்று வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, எண்ணெய் தெளித்து, கை பொறுக்கும் சூடு வந்த பிறகே புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். அவசரத்தில் சுடச்சுடக் கட்டிய பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம்: உள்தாள் முழுக்க முத்து முத்தாக வேர்வை. அந்தத் தண்ணீர் சோற்றிலேயே இறங்கும், மதியத்துக்குள் நசநசத்து வாடை வரும். அந்தச் சோற்றை நடக்கிறவருக்குக் கொடுப்பது பாவம்.

இன்னொன்று, நேரம். பெரும்பாலோர் விடியற்காலையிலும் மாலை நாலு மணிக்கு மேலும்தான் நடக்கிறார்கள். உச்சி வெயிலில் மரத்தடியில் படுத்திருப்பவர்களுக்கு மோர் போதும். பசி இரவு எட்டு மணிக்கு மேல்தான். அப்போது பல பந்தல்களில் அண்டா காலி.

10 பிப்ரவரி, திங்கள். சத்திரப்பட்டி தாண்டி

இங்கே வந்து சேரும்போது சோற்றைவிடக் கால்தான் பிரச்சினை. "சாமி, காலைக் காட்டுங்க" என்று கேட்டுப் பந்தல்காரர்கள் உட்கார வைக்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, கொப்புளத்தை உடைக்காமல் மேலே மருந்துத் துணி. ஊசியால் குத்தினால் சாலை மண் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். சர்க்கரைக்காரர்கள் விஷயம் தனி: பாதம் மரத்துப்போனவருக்கு முள் ஏறியதே தெரியாது. வலிக்கவில்லை என்று சொன்னாலும் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கத்தான் வேண்டும். இதை எல்லாப் பந்தலிலும் செய்யலாமே, ஒரு பெஞ்சும் வாளியும் போதும்.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பதையும் பார்க்கிறோம். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. குறைந்த தண்ணீரில் உப்பு மிஞ்சி, தாகமும் வாந்தியும் கூடும்.

பழனிக் கோயிலில் 2012-இலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் உண்டு. அதனால் நகருக்குள் பந்தலைக் குவிப்பதைவிட, கடை கண்ணி இல்லாத இந்த ரோட்டோரத்தில் இரவுப் பந்தல் போடுவதே நல்லது. நாளை பூசம். பந்தலைப் பிரிக்கும்போது பாக்குமட்டை, டம்ளர் எல்லாவற்றையும் சாக்கில் அள்ள ஆள் சொல்லியாயிற்று. உணவு ஒட்டிய பிளாஸ்டிக்கை மாடு தின்றுவிடும்.