டிராம்போன் சொன்ன துக்கச் செய்தி

பென்சில்வேனியாவின் பெத்லகேமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 1995-ல் அணைந்துபோன எஃகு ஆலையின் உலைகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் நேராக ஆற்றின் வடகரைக்கு, பழைய ஊருக்குள் போய்விட்டேன். எனக்கு வேண்டியது டிராம்போன், குழலை இழுத்து நீட்டி ஊதும் அந்தப் பித்தளைக் கருவி.

புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களான மொராவியன் சபையார் 1741-ல் உருவாக்கிய ஊர் இது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் அவர்களின் தலைவர் சின்சன்டார்ஃப் பிரபு வைத்த பெயர்தான் பெத்லகேம். ஆரம்ப காலத்தில் இங்கே யாரும் குடும்பம் குடும்பமாக வாழவில்லை. சிறுவர், சிறுமியர், திருமணமாகாத ஆண்கள், பெண்கள், தம்பதிகள், விதவைகள் என்று தனித்தனிக் குழுக்கள். ஒவ்வொரு குழுவையும் 'கொயர்' என்றே அழைத்தார்கள். 1748-ல் கட்டிய சகோதரர் இல்லமும் 1768-ல் கட்டிய விதவையர் இல்லமும் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன.

1754-ல் ஐரோப்பாவிலிருந்து டிராம்போன்கள் வந்து சேர்ந்தன. மேல்குரலிலிருந்து கீழ்க்குரல் வரை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு. சபையில் நாலு குரலில் பாடும் ஞானப்பாட்டை அப்படியே ஊதலாம். ஊரில் ஒரு சாவு விழுந்தால், வாசிப்பவர்கள் உயரத்தில் ஏறி நின்று மூன்று முறை ஊதுவார்கள். முதல் பாட்டு, ஒருவர் போய்விட்டார் என்று சொல்லும். நடுப்பாட்டு, அவர் எந்தக் குழு என்று சொல்லும். விதவைக்கு ஒரு மெட்டு, குழந்தைக்கு வேறொன்று. அப்புறம் மறுபடியும் முதல் பாட்டு.

எங்கள் பக்கம் துக்க மணி அடித்தால், "யாருக்கு?" என்று தெருவில் இறங்கிக் கேட்க வேண்டும். இங்கே காது கொடுத்தால் போதும். ஆனால் முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு தாய், கையில் எடுத்ததைக் கீழே வைக்காமல் நின்றிருப்பாள். அந்த மூச்சு நேரம் நாள் முழுக்க என் மனதைவிட்டுப் போகவில்லை.

கல்லறைத் தோட்டத்திலும் அதே ஒழுங்குதான். எல்லாக் கற்களும் தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. யாருக்கும் தூணோ சிலையோ கிடையாது. கணவன் ஒரு பகுதியில், மனைவி வேறொரு பகுதியில். ஐரோப்பியர்களுக்கு நடுவில், சபையில் சேர்ந்த அமெரிக்கப் பூர்வகுடிகளான மொஹிகன் மக்களும் அதே அளவு கல்லுக்குக் கீழே. குனிந்து ஒரு கல்லைத் தடவினேன். எழுத்துகள் பாதி கரைந்து, விரலுக்குத்தான் தட்டுப்பட்டன. ஈஸ்டர் அன்று விடியும் முன்னே டிராம்போன்காரர்கள் தெருத்தெருவாக ஊதி ஊரை எழுப்புவார்கள். பிறகு சபை பவனியாக இங்கே வந்து, சூரியன் எழும்போது உயிர்த்தெழுதலைப் பாடும். மேளமும் கொடியும் வைத்த எந்த ஊர்வலத்தையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

1806-ல் கட்டி முடித்த பெரிய தேவாலயத்தில்தான் ஜெர்மன் இசைமேதை பாக்கின் 'பி மைனர் மாஸ்' என்ற வழிபாட்டு இசைப் படைப்பு அமெரிக்காவிலேயே முதல் தடவையாக முழுமையாகப் பாடப்பட்டது. 1900 மார்ச் 27. அத்தனை கடினமான இசையை இவ்வளவு சின்ன ஊர் பாடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சாவையே நாலு குரலில் கேட்டுப் பழகிய காதுகள்!

இதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள். அங்கேயும் டிராம்போன் ஒலித்ததா என்று யோசித்துக்கொண்டே சகோதரர் இல்லம் வரை நடந்தேன். இப்போது அது பல்கலைக்கழகத்தின் இசைத் துறை. மாடி ஜன்னலிலிருந்து டிராம்போன் சத்தம். யாரோ ஒரே வரியை ஊதிக்கொண்டிருந்தார். நடுவில் பிசிறு தட்டியது, மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது முறை சுத்தமாக வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் காரை எடுத்தேன்.