சூடானால் அடங்கிவிடும் சத்தம்

அப்பா 1998-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. கார்புரேட்டர் வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி. 2023-இல் ஐயாயிரம் ரூபாய் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து வந்தபோது, "எடைக்குப் போட்டா காசு வரும் மாப்ளே, நீ கையிலிருந்து குடுத்துட்டு வந்திருக்க" என்றார் மச்சான். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அப்பா ஓட்டிய வண்டி.

போன மார்கழியில்தான் சத்தம் தொடங்கியது. காலையில் சாவியைத் திருகியதும் பானெட்டுக்குள் டிக் டிக் டிக். ஆக்சிலேட்டரை மிதித்தால் டிக்கின் வேகமும் கூடும். திருநகரில் கிளம்பிப் பழங்காநத்தம் வருவதற்குள் தானாக அடங்கிவிடும். சாயங்காலம் ஆபீஸிலிருந்து எடுக்கும்போது மறுபடியும் வரும். மதுரைப் புதுமண்டபத்தில் தையற்கடைகள் இருந்த காலத்தில் உள்ளே நுழைந்தவர்களுக்கு அந்த மிஷின் சத்தம் நினைவிருக்கும். அதில் ஒரே ஒரு மிஷினை மட்டும் தனியாக ஓடவிட்டதுபோல இருந்தது இது.

முதலில் ஆயில் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது, குறைவில்லை. அடுத்த சந்தேகம் ஆல்டர்னேட்டர் பேரிங் அல்லது வாட்டர் பம்ப். இந்த வண்டியில் இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டேன். அதற்கு மேல் ஓட்டக் கூடாது, தண்ணீர் சுற்றாது. சத்தம் அப்படியே இருந்தது. ஆக, வெளியில் தொங்குகிற சாமான் எதிலும் கோளாறு இல்லை, இன்ஜினிலேயேதான்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஐடிலில் ஓடும்போது போனில் பத்து விநாடி சத்தத்தைப் பதிவு செய்து, கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டு எண்ணினேன். எழுபதுக்குப் பக்கத்தில் வந்தது. அதாவது விநாடிக்கு ஏழு. இந்த இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்று ஓடும், விநாடிக்குப் பதினான்கு. இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. ஒவ்வொரு வால்வும் அந்த ஒரு சுற்றில் ஒரு முறை திறந்து மூடும். சத்தம் கிராங்கின் கணக்கில் இல்லை, கேமின் கணக்கில் இருக்கிறது. சந்தேகமே இல்லை, டப்பெட்தான், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே கேப் கூடி எழும் தட்டல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவோடு போனதுதான் நான் செய்த தப்பு. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டு, நானே "டப்பெட் சத்தம்ணே" என்று சொன்னேன். நோயாளியே நோயின் பேரைச் சொல்லிவிட்டால் வைத்தியருக்கு என்ன வேலை? மூடியைக் கழற்றி, ஆறு வால்வுக்கும் டப்பெட் கேப்பைத் திருத்தி வைத்து, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் டிக் டிக் அங்கேயே இருந்தது. கூடவே புதிதாக ஒன்று: சிக்னலில் நின்றால் வண்டி கிடுகிடுவென்று நடுங்கியது. திருப்பரங்குன்றம் மேம்பாலம் ஏறவே இரண்டாவது கியர் கேட்டது.

திரும்பக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்காமலே கேட்டுவிட்டு, "கனெக்டிங் ராடு பேரிங் போயிருச்சு சார். இன்ஜினை இறக்கணும், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார். வண்டியின் விலையே அதற்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "அதை விடுங்க, வண்டி நிக்கிறப்ப உள்ள புகை நாத்தம் வருதே, அதைக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவின் புகை என்று நினைத்திருந்தேன்.

கூட வேலை பார்ப்பவர் சொல்லி, பழங்காநத்தத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுபதை நெருங்குகிற வயது. தகர ஷெட், இரண்டு பையன்கள். நான் என் எழுபது எண்ணிக்கைக் கதையை ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்தவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சூடாச்சுன்னா சத்தம் கூடுதா தம்பி, குறையுதா?"

"அடங்கியே போயிருது பாய்."

"அப்ப அது டப்பெட் இல்ல."

காரணத்தையும் சொன்னார். வால்வுகள் இருக்கும் ஹெட் அலுமினியம். சூட்டில் அது நன்றாக விரியும், வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள கேப் கூடும். குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டரை ஒட்டி வைத்தால் சூட்டில் 0.25 அளவுக்கு வந்துவிடும். டப்பெட் சத்தமாக இருந்தால் சூட்டில் கூடலாம், அப்படியே இருக்கலாம், இப்படி அடங்கிப் போகாது. ராடு பேரிங்கும் அப்படித்தான். ஆயில் சூடாகி இளகினால் அந்தத் தட்டு இன்னும் கனமாகக் கேட்கும். சூட்டில் தானே மூடிக்கொள்ளும் ஏதோ ஒரு ஓட்டைதான் இப்படிச் செய்யும். எல்லாம் என் நோட்டுப் புத்தகத்திலேயே இருந்தது, 'பழங்காநத்தம் வந்ததும் நிற்கிறது' என்று நானே எழுதியிருந்தேன். கையில் வைத்துக்கொண்டு தெரியாமல் அலைந்திருக்கிறேன்.

வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார், காலையில் ஆறிய இன்ஜினில்தான் பார்க்க வேண்டுமாம். ஏழு மணிக்குப் போனபோது கையில் மூன்றடி நீள ரப்பர் ஓஸ் வைத்திருந்தார். ஸ்டார்ட் செய்ததும் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு, மறு முனையை இன்ஜினைச் சுற்றிப் பையப் பைய நகர்த்தினார். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போனதும் கை நின்றது. ஓஸை என்னிடம் கொடுத்தார். வால்வு மூடிக்கு மேலே பிடித்தால் மெல்லிய கடகடப்பு. மூன்றாவது சிலிண்டரின் மேனிஃபோல்டு ஓரத்தில் பிடித்ததும் காதுக்குள் யாரோ 'டுப் டுப்' என்று ஊதுகிற மாதிரி காற்று வந்து அடித்தது. உலோகம் தட்டுகிற சத்தமே இல்லை அது. புகை துப்புகிற சத்தம்.

இன்னொரு சோதனை. ஒரு பையன் ஈரச் சாக்கைச் சைலன்சர் வாயில் சில விநாடி அழுத்திப் பிடித்தான். டிக் டிக் உடனே ஓங்கியது. மூன்றாவது பிளக் ஒயரை ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் இழுத்தார், சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லை, துப்புவதற்கும் ஒன்றுமில்லை. "ராடு பேரிங் போனாலும் ஒயரை எடுத்தாக் குறையும் தம்பி. அதான் முதல்ல காதை வச்சுப் பார்க்கணும்" என்றார். மேலே மூடியிருந்த தகட்டைக் கழற்றியதும் சாட்சி கிடைத்தது. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில், விசிறி விரித்ததுபோல, கண் மை நிறத்தில் கரி.

எண்ணிக்கைக் கணக்கு ஏன் ஏமாற்றியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வும் கேம் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் திறக்கும். ஓட்டையும் அதே விநாடிக்கு ஏழு முறைதான் துப்பும். என் கணக்கு சரி, கணக்கிலிருந்து தாவிய தாவல்தான் தப்பு.

மேனிஃபோல்டைக் கழற்றப் போனால், அதை ஹெட்டோடு பிடித்து வைக்கும் ஒரு ஸ்டட் (மரை போட்ட கம்பி) ஏற்கெனவே ஒடிந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றது. இருபத்தைந்து வருஷத் துரு. துளை போட்டு எடுக்கலாமா என்று கேட்டேன். ட்ரில் கொஞ்சம் விலகினாலும் அலுமினிய மரை போய்விடும் என்று தலையாட்டினார். ஒடிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, சூடு இருக்கும்போதே ஸ்பானர் போட்டு முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாக ஆட்டினார். முதல் நட்டு பிய்ந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவை 'கிரீச்' என்று ஒரு சத்தம், பையன்கள் இருவரும் சேர்ந்தே "வந்துருச்சு" என்றார்கள்.

மேனிஃபோல்டின் முகம் லேசாக வளைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் செய்ய ஒன்றரை நாள். பேக்கிங், புது ஸ்டட், நட்டு எல்லாம் வடக்கு வெளி வீதியில் நானே போய் வாங்கி வந்தேன். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக முடுக்கினார்.

கையோடு டப்பெட்டையும் பார்த்தார். பழைய பட்டறைக்காரர் சத்தத்தை அடக்குகிறேன் என்று கேப்பே இல்லாமல் முடுக்கியிருக்கிறார். வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரெஷன் கசிந்திருக்கிறது, நடுக்கம் அதனால்தான். அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு எரிந்திருக்கும். பாய் என்னையே ஒரு வால்வுக்கு வைக்கச் சொன்னார். ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்த கேப் மாறிவிடும். கேப்பை அளக்கும் ஃபீலர் தகட்டை இழுத்தால், தடிப் பஞ்சாங்கத்துக்கு நடுவிலிருந்து பஸ் டிக்கெட்டை உருவுவது போன்ற பிடிமானம் இருக்க வேண்டும். நான்கு முறை தப்பினேன். ஐந்தாவதில் தகட்டை அவரே இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போனார்.

சாமான், லேத், கூலி எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். மறு வாரம் தேனியில் ஒரு காதுகுத்து, குடும்பத்தோடு போனோம். ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். மெல்லிய டப்பெட் சத்தம் மட்டும் இருந்தது. அது இருக்க வேண்டிய சத்தம் என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். புகை வாடை இல்லை.

வந்த பிறகு, ஆறின வண்டியாகக் கொண்டுவரச் சொன்னபடி ஒரு நாள் காலையில் போனேன். புதுப் பேக்கிங் சூடாகி ஆறும்போது அமுங்கும், நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். எல்லா நட்டும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறின. மூன்றாவது சிலிண்டர் நட்டு மட்டும் அரைச் சுற்று. காசு நீட்டினேன், வாங்கவில்லை. பையன்களுக்கு டீ வாங்கித் தரச் சொன்னார்.