இரண்டாவது அடுப்பு

பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறையில் இன்று புதிதாக ஓர் ஒற்றை அடுப்பு. மருமகளுக்காம்.

சண்டையோ என்று பதறிவிட்டேன். "அதெல்லாம் இல்லம்மா, ரேஷன் கார்டைப் பிரிக்கிறோம். தனியா சமைக்கிறாங்களான்னு பார்க்க வருவாங்க."

அடுப்பின் ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. இரண்டு குடும்பத்துக்குமான குழம்பு பழைய அடுப்பில்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மாமியார் வாங்கினால் மருமகளுக்குக் கிடையாது. அப்புறம் ஒரே கார்டில் இருந்தால் எல்லார் சம்பளமும் சேர்ந்து ஆண்டு வருமான வரம்பான 2.5 லட்சத்தைத் தாண்டிவிடும் என்ற பயம் வேறு.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தைக்காக வேலையை விட்ட பெண் அவள். யாரிடமும் கேட்காமல் தன் கணக்கில் வந்து விழும் பணம் அவளுக்கு வேண்டும்தானே? பணம் வந்தால் தவணையில் தையல் மெஷின் வாங்கப் போகிறாளாம், வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்க. குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வாராம்.

அதே மாமியார். கார்டில் மட்டும் தனிக் குடும்பம்.