பையைப் போட்டுவிட்டு ஓடும்போது

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், டாப்ஸ்லிப்புக்கு உள்ளே விலங்குகளைப் படம்பிடிக்கக் கேமரா வைக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள், என் முதுகுப்பையைத் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தார் எங்கள் மூத்த வாட்சர். முள் 11 கிலோவைத் தாண்டி நின்றது.

"உள்ள என்னங்க சார், கல்லா?"

கல் இல்லை. இணையத்தில் 2,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆரஞ்சு நிற டப்பா ஒன்று இருந்தது. காட்டில் சிக்கிக்கொண்டால் உயிர்பிழைக்கத் தேவையான எல்லாம் இதற்குள் இருக்கிறது என்று அட்டையில் போட்டிருந்தார்கள். வேலை கிடைத்த கையோடு நான் வாங்கிய முதல் பொருள் அது. அவர் கேம்ப் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். தூண்டில் முள்ளும் நரம்பும். கம்பி ரம்பம். தீமூட்டும் உரசுகல். உள்ளங்கையளவு கண்ணாடி. எப்படித் திருப்பினாலும் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும் திசைகாட்டி. பாம்புக்கடிக்கென்று ஒரு பிளேடும் ரப்பர் உறிஞ்சியும். கடைசியாக, சுருட்டி வைத்த மெல்லிய கம்பி. அதை மட்டும் நீட்டி, விரலில் ஒரு சுருக்குப் போட்டு இழுத்துக் காட்டினார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் அப்போது சிரிக்கவில்லை.

"இதத்தாங்க சார் நாங்க மாசம் பூரா பொறுக்கிட்டு வர்றோம்."

முயலுக்கும் சருகுமானுக்கும் வைக்கிற கண்ணி. சில சமயம் சிறுத்தை அதில் மாட்டி இடுப்பு அறுந்து சாகும். அவருடைய பதவியின் பெயரே வேட்டைத் தடுப்புக் காவலர். அந்தக் கம்பியோடு புலிகள் காப்பகத்துக்குள் நடந்தால் முதலில் பிடிக்க வேண்டியது என்னைத்தான். தூண்டிலும் அப்படித்தான், காப்பகத்து ஆற்றில் மீன் பிடிப்பது குற்றம். உயிர்பிழைக்க நான் வாங்கிய பெட்டியில் பாதி, வனக்குற்ற வழக்கில் சாட்சிப் பொருளாக வைக்கத் தகுந்தது!

ஆளில்லாத வடதேசத்துக் காட்டில் வாரக்கணக்கில் வழிதெரியாமல் கிடப்பவனுக்காக யாரோ யோசித்துப் போட்ட பெட்டி அது. ஆனைமலையில் அப்படித் தொலைவது அரிது. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு நாளுக்குள் ஒரு கேம்ப்போ எஸ்டேட்டோ ரோடோ வந்துவிடும். இங்கே கடக்க வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு இரவு. நனையாமல், விறைக்காமல், மிதிபடாமல் விடியும்வரை இருந்துவிட்டால் போதும். இது எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது.

அது டிசம்பர். கேமராக்களுக்கு பேட்டரியும் மெமரி கார்டும் மாற்றிவிட்டு நானும் அவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி ஐந்தரை இருக்கும், தூறல். மூங்கில் முறியும் சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் நின்றுவிட்டது. சத்தம் கேட்கிறவரை பயமில்லை, நின்றால்தான் பார்க்க வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே குட்டியோடு நின்ற பெண் யானை வழியின் குறுக்கே வந்து, காதை விரித்து, நேரே எங்களைப் பார்த்து வந்தது.

"பையப் போடு! ஓடு!"

அந்த நேரத்தில் சாரும் இல்லை, ங்கவும் இல்லை. தோள்பட்டையிலிருந்து வாரைக் கழற்றிப் பையை விட்டெறிந்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. ஒரு சாய்ந்த பாறைமேல் கையும் காலுமாக ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. கீழே யானைகள் அங்கேயே மேய ஆரம்பித்துவிட்டன. இருட்டிவிட்டது. இனி விடியாமல் இறங்க முடியாது.

அப்போதுதான் என் சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் தடவிப் பார்த்தேன். 14 சதவீதம் சார்ஜ் இருந்த செல்போன். ஈரக் கைக்குட்டை. ஒரு பேனா. மிட்டாய்த் தாள், மிட்டாய் இல்லை. டார்ச், தண்ணீர், மழைக்கோட்டு, முதலுதவிப் பொட்டலம், ஆரஞ்சு டப்பா எல்லாம் பையில். வாக்கிடாக்கியும் பையில். கனமாக இருக்கிறது, இடுப்பில் இடிக்கிறது என்று அன்று காலையில்தான் அதைக் கழற்றி உள்ளே போட்டிருந்தேன்.

அவர் எதையும் தடவிப் பார்க்கவில்லை. தைல டப்பா அளவில் ஒரு தகர டப்பாவைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். அதற்குள் பாலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி. விரல் நீளத்துக்கு வெட்டிய சைக்கிள் டியூப் துண்டுகள் நாலைந்து. பழுப்பு நிறத்தில் இரண்டு கட்டி குங்கிலியம். பாறையின் அடிவயிற்றில் மழை படாத இடமாகப் பார்த்து, காய்ந்த மூங்கிலை இடுப்புக் கத்தியால் விரல்தடிமனாகச் சீவினார். டியூப் துண்டு ஈரத்திலும் பிடித்துக்கொண்டது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் மூங்கில் சிராய்கள் பற்றும்வரை அது நின்று எரிந்தது. மேலே குங்கிலியத்தைப் போட்டதும் தீ நிமிர்ந்தது. கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். என்னிடம் இருந்திருந்தால்கூட அந்த ஆரஞ்சு டப்பாவிலிருந்த உரசுகல்லை வைத்து அந்த மழையில் நான் ஒரு பொறிகூட எழுப்பியிருக்க மாட்டேன். வீட்டு மொட்டை மாடியில் முயன்று பார்த்து விரல்தான் சிவந்தது.

வெளிச்சம் வந்ததும் என் காலைப் பார்த்தேன். ஒன்பது அட்டைகள். அவர் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார், புகையிலைத் தூளும் கல்லுப்பும். எச்சில் தொட்டுத் தடவ, ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. அப்புறம் அரைஞாண் கயிற்றில் ஊக்கோடு சேர்த்துக் கோத்திருந்த முள்வாங்கியை எடுத்து என் உள்ளங்கையிலிருந்த முள்ளைப் பிடுங்கினார். என் தாத்தாவின் இடுப்பில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பழைய காலத்து ஆட்கள் சும்மா மாட்டிக்கொண்டிருப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

பசியைவிடக் குளிர்தான் படுத்தியது. ஆனைமலை என்ன, இமயமலையா என்று கேட்பவர்கள் உண்டு. நனைந்த பருத்திச் சட்டையும் கொஞ்சம் காற்றும் இருந்தால் 15 டிகிரியிலேயே பல் தந்தியடிக்கும், உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். புத்தி மந்தமாவது வெளியே இருப்பவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நான் நடுராத்திரியில் இறங்கிப் போய்ப் பையை எடுத்து வரலாம் என்று மூன்று முறை சொன்னேனாம். மூன்றாவது முறை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பேசாம தீயப் பாத்துட்டு உக்காருங்க" என்றார். அன்றிலிருந்து தம்பிதான், சார் போய்விட்டது.

காலை ஆறரைக்குக் கேம்ப்பிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். சுற்றித் தேடவில்லை, நேராக வந்தார்கள். முந்தின நாள் கிளம்பும்போதே அவர் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவைத்திருந்தார்: எந்த ஓடை, எத்தனை கேமரா, எந்த வழியாகத் திரும்புவோம், ஆறு மணி. தினமும் எழுதுவார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, அந்த நாலு வார்த்தைகளை மட்டும் யாரிடமோ கற்று வைத்திருந்தார்.

போகும் வழியில் பை கிடந்தது. வார் ஒன்று அறுந்திருந்தது. டிபன் டப்பா தட்டையாகியிருந்தது, அதில் மதியம் மிச்சம் வைத்த புளிச்சோறும் வாழைப்பழமும் போன இடம் தெரியவில்லை. வால்பாறைப் பக்கம் ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசி தின்கிற யானைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும் வாழைப்பழத்தைச் சுமந்துகொண்டு நடந்தவன் நான். ஆரஞ்சு டப்பா மட்டும் பக்கத்தில் கீறல்கூட இல்லாமல் கிடந்தது. யானைக்குக்கூட அது வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் என் பொருட்களை இரண்டாகப் பிரித்துவிட்டேன். உடம்போடு இருப்பது, பையில் இருப்பது. பை என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். யானைதான் என்றில்லை, ஓடை கடக்கும்போது கால் வழுக்கினாலும் போகும். தீப்பெட்டி, டியூப் துண்டு, சின்ன டார்ச், விசில், மடக்குக் கத்தி, உப்பு–புகையிலைப் பொட்டலம், வாக்கிடாக்கி: இவ்வளவும் உடம்போடு. முதலில் அசிங்கமாக இருந்தது, நடமாடும் பெட்டிக்கடை மாதிரி. பழகிவிட்டது. டியூபுக்குக் காசே இல்லை, எந்தச் சைக்கிள் கடையில் கேட்டாலும் கிழித்துக் கொடுப்பார்கள். செல்போனைக் காட்டுக்குள் நுழைந்ததும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவேன். இல்லாத டவரைத் தேடித் தேடியே சார்ஜ் முழுக்கத் தீர்த்துவிடும்.

பையில் முதலில் உள்ளே போவது மாற்றுச் சட்டையும் ஒரு கம்பளிக் குல்லாவும், இரண்டு பாலித்தீன் பைக்குள். என்ன மழை பெய்தாலும் நடக்கும்போது அதைத் தொட மாட்டேன், உட்கார்ந்த பிறகுதான். குப்பைக்குப் பயன்படுத்தும் பெரிய கறுப்புப் பை இரண்டு. அடியில் தலை நுழைய ஓட்டை போட்டால் மழைக்கோட்டு, கிழித்து விரித்தால் கூரை. தண்ணீருக்கு ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில், சூடு தாங்கும் இரட்டைச் சுவர் வகை அல்ல. ஒற்றைச் சுவர் பாட்டிலை மூடியைக் கழற்றித் தீயில் வைத்து ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். கொப்பளித்து ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலே, புல்மலைப் பக்கம் போனால் மூன்று நிமிடம், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். தின்பதற்குப் பொரிகடலையும் வெல்லமும். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் நாலு. தலைவலி மாத்திரை, கட்டுத்துணி. எல்லாம் சேர்ந்து நாலரைக் கிலோ, தண்ணீரோடு.

பாம்புக்கடிப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இன்னும் அதை விற்கிறார்கள் என்பதால். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் உதவாது, கெடுதல்தான் செய்யும். விஷமுறிவு மருந்தை ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க முடியும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த மருந்து அது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுப்பது. மலையில் இருக்கிற குழிவிரியன்களுக்கு அந்த மருந்து சரிவரக் கேட்காது. ஆகவே பையில் நான் வைத்திருப்பது ஒரு அகலமான துணியும், மேட்டுப்பகுதி கேம்ப்களிலிருந்து ஜீப் வரும் இடம்வரை எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று எழுதிய சீட்டும்தான். கடிபட்ட கையையோ காலையோ இறுக்காமல், அசையாதபடி கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸும் ராத்திரி டார்ச்சும் அதற்கு முன்பே காப்பாற்றிவிடும்.

ஒரு பொருள் மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறும். டிசம்பரில் எங்களைக் காப்பாற்றிய அதே தகர டப்பாவைப் பிப்ரவரி கடைசியில் அவர் கேம்ப்பிலேயே வைத்துவிடுவார். புல் காய்ந்துவிட்டால் காட்டுக்குள் தீக்குச்சி போகக் கூடாது, பீடியும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைப் புல்வெளித் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்கு முதல் மலையேற்றம். அதற்கப்புறம்தான் எங்களுக்கு வந்த பயிற்சிகளில் தீயைப் பற்றி உருப்படியாகப் பேச ஆரம்பித்தார்கள். நைலான் உடை வேண்டாம், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். காய்ந்த புல் நிற்கிற சரிவில் மேல்நோக்கி ஓட வேண்டாம், தீ நம்மைவிட வேகமாக ஏறும். கருகிய இடமோ பாறையோ ஓடையோ பார்த்து நில். மழைக்காலத்தில் துணைக்கு வருகிற பொருள் கோடையில் கொலைகாரன், அவ்வளவுதான்.

வருடத்துக்கு ஐந்தாறு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். பட்டியல் கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அனுப்பிவிட்டு, கேம்ப்புக்கு வந்ததும் பையில்லாமல் அவர்களை ஓடைவரை கூட்டிப்போய், இப்போது உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பேன். போன வருடம் வந்த பெண் ஒருத்தி தன் துப்பட்டா, தலைமுடி கிளிப், ஜீன்ஸுக்குள் வைத்திருந்த லைட்டர், கழுத்தில் விசில் என்று வரிசையாகக் காட்டினாள். அம்மா என்.சி.சி.யில் இருந்தவராம். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, சுவரில் வழி எழுதக் கரித்துண்டைக் கொடுத்தேன்.

மூத்தவர் இப்போது காட்டுக்குள் அதிகம் வருவதில்லை, முழங்கால் வலி. கேம்ப்பில் சமையலைப் பார்த்துக்கொள்கிறார். ஆரஞ்சு டப்பா அவரிடம்தான் இருக்கிறது. கடுகும் சீரகமும் போட்டு வைத்திருக்கிறார். மூடி நல்ல இறுக்கம், எலி புகாது என்கிறார்.