மழை போக வழியில்லை

நேற்றைய மழையில் எங்கள் ஒழுங்கை முழங்காலளவு வெள்ளம். முன்பு அது முடக்கிலிருந்த குளத்தில் இறங்கிவிடும். அந்தக் குளத்தை மண் போட்டு நிரவி நான்கு வீடுகள் கட்டிவிட்டார்கள். பார்க்க வயிறு எரிகிறது.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அன்று துலாவால் அள்ளியதும் இன்று மோட்டரால் இறைப்பதும் அதைத்தான். வளவு முழுவதும் சீமெந்து பூசினால் அந்தப் படை எப்படி நிரம்பும்?

மலக்குழியை நினைத்தால் இன்னும் பயம். காணியைத் துண்டு துண்டாகப் பிரித்ததில் பக்கத்து வளவுக் குழி எங்கள் கிணற்றுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் அதிகம். கழிவு வடிகட்டப்படாமலே ஊற்றில் கலந்துவிடும். அம்மம்மா செம்பில் அள்ளி அப்படியே குடித்த தண்ணீர் இது. மகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கிழமை எங்கள் முற்றத்துச் சீமெந்தை உடைத்து மணல் பரப்பப் போகிறேன். கூரைத் தண்ணீரையும் பீலி வைத்து நிலத்துக்குள் இறக்குவேன். குளங்களை மாநகர சபைதான் காக்க வேண்டும். எஞ்சியவற்றுக்காவது எல்லைக்கல் நடுங்கள்.